மான்செஸ்டர் யுனைடெட், அமோரிம் பதிப்பு: ஐந்துக்கு ஒன்றரை

ரூபென் அமோரிம் மேனேஜராக இருந்த மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு என் மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒரு நட்சத்திரம் லியோன் மேட்சுக்கு, அரை நட்சத்திரம் ஆன்ஃபீல்டில் லிவர்பூலை ஜெயித்ததற்கு. மிச்சம் இருக்கும் பதினான்கு மாதத்துக்கு எதுவும் கொடுக்க மனசு வரவில்லை.

ஒரு கால்பந்து கிளப்பைக் கடையில் வாங்கிய சாமான் மாதிரி விமர்சனம் செய்யலாமா என்று கேட்பவர்கள், அந்தக் கேள்வியைக் கிளப்பின் மேலிடத்தில் கேட்டால் நன்றாக இருக்கும். 2024 நவம்பர் கடைசியில், சீசன் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே, உறுப்பினர்களுக்கு மிச்சமிருந்த டிக்கெட்டுகளின் விலையை 66 பவுண்டாக ஆக்கினார்கள். குழந்தைகளுக்கும் அதேதான், ஓய்வு பெற்றவர்களுக்கும் அதேதான், சலுகை கிடையாது. அணி அட்டவணையில் பாதிக்குக் கீழே கிடக்கும்போது விலையை ஏற்றத் துணிந்தவர்களுக்கு நாம் ரசிகர்கள் இல்லை, வாடிக்கையாளர்கள். சரி, வாடிக்கையாளராகவே பேசுவோம்.

விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்ட சரக்கு: ரூபென் அமோரிம் மேனேஜராக இருந்த காலம், 2024 நவம்பர் முதல் 2026 ஜனவரி 5 வரை. இந்தக் காலத்தைப் பற்றி ரசிகர்களிடம் இரண்டு கட்சி உண்டு. எல்லாம் அமோரிமின் பிடிவாதம்தான் என்பது ஒன்று, பாவம் அவர், ஓட்டை அணியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் முழுத் திருப்தி இல்லை. அமோரிம் பிடிவாதக்காரர்தான், அதில் சந்தேகமே வேண்டாம், ஆனால் அவர் ஒளித்து வைத்து எடுத்து வந்த பிடிவாதம் இல்லையே அது. போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் லிஸ்பனில் அவர் மூன்று டிஃபென்டர்களை வைத்துத்தான் ஆடினார், அப்படித்தான் 2021-இல் பத்தொன்பது வருடம் கழித்து அந்த அணிக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார், 2024-இல் மறுபடியும் வாங்கினார், இங்கே வருவதற்கு ஒரு வாரம் முன்னால் மான்செஸ்டர் சிட்டியை 4-1 என்று அடித்ததும் அந்த முறையில்தான். ஊருக்கே தெரிந்த விஷயம். இவரைக் கூப்பிட்டால் பின்னால் மூன்று, நடுவில் நான்கு, முன்னால் மூன்று என்ற 3-4-3 கூடவே வரும் என்று தெரிந்துதான் கூப்பிட்டார்கள். அப்படியென்றால் அந்த ஆட்டத்துக்கு ஆள் இருக்கிறதா என்று யாராவது ஒருவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா?

எண்ணவில்லை என்பதுதான் என் புகார். இந்தக் கிளப் முதலில் மேனேஜரை வாங்குகிறது, அப்புறம்தான் நாம் எப்படி ஆடப்போகிறோம் என்று யோசிக்கிறது.

அதற்கு முந்தைய கதையைப் பாருங்கள். 2024 மே மாதம் அப்போதைய மேனேஜர் எரிக் டென் ஹாக் எஃப்.ஏ. கோப்பையை ஜெயித்தார். அதற்குள் வேறு மேனேஜர்களிடம் பேசிப் பார்த்திருந்தார்கள், யாரும் சரிப்படவில்லை போல, ஜூலையில் இவருக்கே ஒப்பந்தத்தை நீட்டினார்கள், கோடையில் கேட்டதை வாங்கியும் கொடுத்தார்கள், அக்டோபர் 28 அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அவரையும் அவருடைய உதவியாளர்களையும் அனுப்பியதற்கு மட்டும் 1 கோடி பவுண்டுக்கு மேல். ஸ்போர்ட்டிங் டைரக்டர் என்று பல மாதம் பேரம் பேசிக் கொண்டுவந்த டான் ஆஷ்வொர்த் ஐந்தே மாதத்தில் கிளம்பினார், அதற்கு இன்னும் 41 லட்சம். இதே வருடம்தான் செலவைக் குறைக்கிறோம் என்று 250 பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள், அடுத்த வருடம் மேலும் 200 பேர் வரை என்று அறிவித்தார்கள், ஊழியர்களின் இலவச மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. மேலே நடக்கும் தப்புக்குக் கீழே இருப்பவன் சோற்றில் கை வைப்பது என்ன கணக்கோ.

அமோரிம் சீசன் முடிந்து வருகிறேன் என்றுதான் கேட்டிருக்கிறார். இப்போது வா, இல்லாவிட்டால் வாய்ப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஆக, மூன்று நாளைக்கு ஒரு மேட்ச், நடுவில் பயிற்சிக்கு நேரமே கிடையாது, கையில் இருப்பதோ டென் ஹாக்குக்காக வாங்கிய ஆட்கள், அதற்கும் முந்தையவர்களுக்காக வாங்கிய ஆட்கள்.

இனி ஆட்டத்துக்கு வருவோம், இதில்தான் என் வயிற்றெரிச்சல் பாதி. மூன்று சென்டர் பேக் (நடு டிஃபென்டர்), இரண்டு விங்-பேக், நடுவில் இரண்டு பேர், முன்னால் இரண்டு பத்தாம் நம்பர்கள் (ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று கோல் வாய்ப்பை உருவாக்குபவர்கள்), ஒரு ஸ்ட்ரைக்கர். தாளில் அழகாக இருக்கும். இது ஓட வேண்டுமென்றால் இரண்டு விஷயம் கட்டாயம். விங்-பேக் இரண்டு பேரும் கோட்டோரமாக மேலே போய் ஆளைத் தாண்டவும் வேண்டும், பந்து போனதும் திரும்பி ஓடி வரவும் வேண்டும். நடுவில் இருக்கும் இருவருக்கும் நுரையீரல் இரும்பில் செய்திருக்க வேண்டும், ஏனென்றால் எதிரணி பெரும்பாலும் அங்கே மூன்று பேரை நிறுத்தும், இவர்கள் இரண்டு பேர் மூன்று பேரின் வேலையைச் செய்தாக வேண்டும்.

நம்மிடம் என்ன இருந்தது? இடது விங்-பேக்காக வலதுகால்காரர் டாலோ. பந்தைக் காலில் வாங்கி உள்ளே வெட்டுவார், உடனே வேகம் செத்துப்போகும், எதிரணி முழுக்கத் திரும்பி வந்து உட்கார்ந்துவிடும். ஜனவரியில் இத்தாலியின் லெச்சேயிலிருந்து டோர்குவை வாங்கினார்கள், நல்ல பையன், ஆனால் சின்னப் பையன். நடுவில் காஸெமிரோ, முப்பதைத் தாண்டி மூன்று வருடம். கூட உகார்த்தே, பந்தைப் பிடுங்கத் தெரிந்தவர், பிடுங்கிய பந்தை என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். பல மேட்சுகளில் புரூனோ ஃபெர்னான்டஸையே அந்த இருவரில் ஒருவராக இறக்கினார் அமோரிம். அணியில் கோல் அடிக்கவும் அடிக்க வைக்கவும் தெரிந்த ஒரே ஆளை, அந்த சீசனில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 19 கோல் போட்ட ஆளை, சொந்த பாக்ஸுக்கு முன்னால் நின்று எதிரணியின் ஓட்டக்காரனைத் துரத்தச் சொன்னால் எப்படி? அவர் துரத்தினார் என்பது வேறு விஷயம். ராஷ்ஃபோர்டு, கார்னாச்சோ, ஆன்டனி என்று இருந்த விங்கர்களுக்கு இந்த அமைப்பில் இடமே இல்லை, ஏனென்றால் இதில் விங்கர் என்று ஒரு வேலையே கிடையாது. ஒவ்வொருவராக வேறு கிளப்புக்குப் போனார்கள். ஆன்டனியை 2022-இல் எவ்வளவு கொட்டி வாங்கினார்கள் என்று நினைத்தால் இப்போதும் தலை சுற்றும்.

எனவே ஒவ்வொரு மேட்சிலும் ஒரே காட்சி. எதிரணி கோல்கீப்பரிடமிருந்து இரண்டு பாஸ், நம் முன்வரிசை ஐந்து பேர் மேலே ஏறி நிற்பார்கள், மூன்று சென்டர் பேக்குகள் பயந்து பின்னால் நிற்பார்கள், நடுவில் ஒரு பெரிய மைதானம் காலியாகக் கிடக்கும், அங்கே காஸெமிரோ ஒண்டியாளாய்க் கையை விரித்துக்கொண்டு ஓடுவார். பிரைட்டன் இதைச் செய்தது, போர்ன்மத் செய்தது, நியூகாசில் செய்தது. எல்லாம் ஓல்ட் டிராஃபோர்டில். நியூகாசிலோடு ஆடிய மேட்சில் அரை மணி நேரத்துக்குள் நடு மைதானம் கைவிட்டுப் போக, ஸ்ட்ரைக்கர் ஜிர்க்சியை 33-ஆவது நிமிடத்திலேயே வெளியே எடுத்தார் மேனேஜர், சொந்த ரசிகர்களில் ஒரு கூட்டம் அந்தப் பையனைக் கேலியாக ஆர்ப்பரித்து அனுப்பியது. அவன் தப்பு என்ன அதில்? நடுவில் ஆள் பற்றாத அமைப்பை வைத்து இறக்கியது அவனா? அன்று எனக்குக் கூட்டத்தின் மேலும் கோபம், மேனேஜர் மேலும் கோபம்.

2025 ஜனவரியில் பிரைட்டனிடம் 3-1 தோற்ற பிறகு, இந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே மிக மோசமான அணி ஒருவேளை நாம்தான் என்று அமோரிமே சொன்னார். நேர்மையான மனிதர், அதை மறுக்கவில்லை. ஆனால் மேனேஜரின் வேலை வாசகர் கடிதம் எழுதுவதல்ல. டிரெஸ்ஸிங் ரூமில் இருப்பவனுக்கு அதைக் கேட்டால் எப்படி இருக்கும்?

கணக்கு அவர் சொன்னதற்குப் பக்கத்தில்தான் வந்து நின்றது. 2024-25 லீக்கில் 15-ஆவது இடம், 42 புள்ளி, 18 தோல்வி, அடித்த கோல் 44, வாங்கியது 54. கீழ் டிவிஷனுக்கு இறங்கிய 1973-74-க்குப் பிறகு இவ்வளவு மோசம் கிடையாது. அமோரிம் பொறுப்பில் இருந்த 27 லீக் மேட்சுகளில் ஜெயித்தது ஏழு. அந்த ஏழில் மூன்று, சவுத்தாம்ப்டன், இப்ஸ்விச், லெஸ்டர், அதாவது அந்த வருடம் லீக்கை விட்டே வெளியேறிய மூன்று அணிகளோடு. அதைக் கழித்தால் நான்கு. ஸ்ட்ரைக்கர் ஹோய்லுண்ட் லீக் முழுக்க நான்கு கோல். நாம் காசுக்காக நப்போலிக்கு விற்ற மெக்டாமினே அங்கே லீக் பட்டம் வென்று, இத்தாலிய லீக்கின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். எவன் வெளியே போனாலும் பிழைத்துக்கொள்கிறான்.

சரி, அந்த ஒரு நட்சத்திரம். 2025 ஏப்ரல் 17, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பையான யூரோப்பா லீக் காலிறுதி, எதிரில் பிரான்சின் லியோன். முதல் மேட்ச் அங்கே 2-2, நம் கோல்கீப்பர் ஒனானாவின் தாராள குணத்தால். இங்கே 2-0 முன்னிலை, பிறகு வழக்கம்போல 2-2, எக்ஸ்ட்ரா டைமில் லியோன் பத்துப் பேரோடு ஆடிக்கொண்டே இன்னும் இரண்டு அடித்து 4-2. டிவியை அணைத்துவிட்டுப் படுத்தவர்கள் நிறைய பேர் என்று கேள்வி, அவர்களைக் குறை சொல்ல முடியாது. 114-ஆவது நிமிடம் புரூனோ பெனால்டி. 120-இல் இளம் மிட்ஃபீல்டர் மைனூ, பாக்ஸுக்குள் அத்தனை கால்களுக்கு நடுவே பதறாமல் பந்தை வளைத்து மூலையில் வைத்தான். அடுத்த நிமிடம் மகுவையர் தலை, அதுவும் காஸெமிரோ தூக்கிக் கொடுத்த பந்து. சென்டர் பேக் மகுவையரை ஸ்ட்ரைக்கராக மேலே அனுப்பியிருந்தார் அமோரிம்! 5-4. அந்த ஏழு நிமிடத்துக்கு முழுசாக ஒரு நட்சத்திரம் கொடுக்காதவன் கால்பந்தே பார்க்கக் கூடாது. ஆனால் கவனியுங்கள், அந்த ஏழு நிமிடத்தில் 3-4-3 எங்கே இருந்தது? எல்லாரும் எல்லா இடத்திலும் ஓடினார்கள், அதனால்தான் ஜெயித்தோம்.

அப்புறம் ஸ்பெயினின் பில்பாவோ. மே 21, இறுதிப்போட்டி, எதிரில் டாட்டன்ஹாம். லீக்கில் 17-ஆவதாக முடித்த அணிக்கும் 15-ஆவதாக முடித்த அணிக்கும் ஐரோப்பியக் கோப்பை இறுதி. பிரென்னன் ஜான்சன் அரைகுறையாகத் தொட்டு, லூக் ஷா மேல் பட்டு, எப்படியோ உள்ளே போன ஒரு கோல். 1-0. அந்த சீசனில் டாட்டன்ஹாமோடு நான்கு மேட்ச், நான்கும் தோல்வி. அவர்கள் கோப்பையைத் தூக்கிய பதினாறாம் நாள் தங்கள் மேனேஜரை நீக்கினார்கள், நாம் கோப்பையும் இல்லாமல், அடுத்த வருடம் ஐரோப்பியப் போட்டியும் இல்லாமல், மேனேஜரை வைத்துக்கொண்டோம். எது சரி என்று எனக்கு அன்றும் தெளிவில்லை. நேரம் கொடுக்க வேண்டும் என்று வாதாடியவர்களில் நானும் உண்டு, அந்த வாதத்தில் இப்போதும் நியாயம் இருப்பதாகத்தான் நினைக்கிறேன், நேரத்தோடு ஆளும் கொடுத்திருந்தால்.

கொடுத்தது என்ன? கோடையில் குன்யா, எம்பூமோ, செஸ்கோ. மூன்று பேருக்கும் சேர்த்து சுமார் 20 கோடி பவுண்டு. மூன்று பேரும் நல்ல ஆட்டக்காரர்கள், குறை சொல்லவில்லை, கடைசி நாளில் வந்த கோல்கீப்பர் லம்மன்ஸ் இன்னும் நல்ல கொள்முதல், மலிவும்கூட. மிட்ஃபீல்டர்? ஒருவர்கூடக் கிடையாது. ஒரு முழு சீசன் நடு மைதானத்தில் ஓட்டை என்று உலகமே பார்த்தது, எதிரணி மேனேஜர்கள் அதை வைத்தே பிழைத்தார்கள், நம் கிளப் அவ்வளவு காசையும் முன்வரிசையில் கொட்டியது. கூரை ஒழுகுகிற வீட்டுக்குப் புதுச் சோபா வாங்கிப் போட்டது போல. ஓல்ட் டிராஃபோர்டின் கூரை நிஜமாகவே ஒழுகும் என்பது தனிக் கதை, 2024 மே மாதம் ஆர்சனல் மேட்ச் அன்று அருவி மாதிரிக் கொட்டியதை எல்லாரும் பார்த்தோம்.

இதில் மேனேஜர் பங்கு இல்லையா என்றால், இருக்கிறது, இங்கேதான் அமோரிம் மேல் எனக்கிருந்த பரிவு கரைய ஆரம்பித்தது. நடுவில் ஆள் இல்லை என்கிறாரே, மைனூ இருந்தானே. லியோன் கோலை அடித்த அதே மைனூ, 2024 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் சிட்டிக்கு எதிராக வெற்றி கோல் அடித்தவன், பந்து காலில் இருக்கும்போது பதறாத ஒரே ஆள். 2025-26 லீக்கில் அமோரிம் இருந்த வரை அவனுக்குத் தொடக்கப் பதினொன்றில் இடம் கிடைக்கவில்லை. புரூனோவுக்குப் போட்டியாக அவனைப் பார்ப்பதாகச் சொன்னார். பத்தாம் நம்பரான புரூனோவை எட்டாம் நம்பராக, அதாவது நடு மைதான ஆளாக ஆக்கிவிட்டு, உண்மையான எட்டாம் நம்பரை பெஞ்சில் உட்கார வைப்பது என்ன தத்துவம்?

ஆகஸ்டு 27, கிரிம்ஸ்பி. நான்காம் டிவிஷன் அணி. இடைவேளைக்குள் 2-0 பின்தங்கி, கடைசியில் எப்படியோ 2-2, பெனால்டியில் 12-11 என்று தோல்வி. தோல்வியைவிட அன்று மனசில் நின்றது, மழையில் மாற்று ஆட்கள் உட்காரும் டக்அவுட்டில் உட்கார்ந்து, சின்னப் பலகையில் காந்த வில்லைகளை நகர்த்திக்கொண்டிருந்த அமோரிம். கிரிம்ஸ்பியைத் தாண்ட பலகை எதற்கு ஐயா? இரண்டு வாரம் கழித்து சிட்டியிடம் 3-0. அதையொட்டி, போப்பாண்டவரே வந்து சொன்னாலும் முறையை மாற்ற மாட்டேன் என்கிற மாதிரி ஒரு பேச்சு.

முந்தைய சீசனில் பயிற்சிக்கு நேரமில்லை என்ற சமாதானம் செல்லும். இந்த முறை ஐரோப்பாவே கிடையாது, வாரத்துக்கு ஒரு மேட்ச், கோடை முழுக்கப் பயிற்சி. இருந்தும் அமோரிம் வந்ததிலிருந்து லீக்கில் அடுத்தடுத்து இரண்டு வெற்றி என்பதைப் பார்க்க 2025 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டாவது வெற்றிதான் ஆன்ஃபீல்டு, 2-1, 2016-க்குப் பிறகு அங்கே முதல் வெற்றி, முதல் நிமிடம் தாண்டியதும் எம்பூமோ, 84-இல் மறுபடி மகுவையர். அரை நட்சத்திரம் அதற்கு. ஏன் முழுசாக இல்லை? நவம்பரில் எவர்ட்டன் ஓல்ட் டிராஃபோர்டுக்கு வந்தது, 13-ஆவது நிமிடத்தில் அவர்கள் ஆள் ஒருவன் சொந்த அணிக்காரனையே கன்னத்தில் தட்டி சிவப்பு அட்டை வாங்கிப் போனான், மிச்ச நேரம் முழுக்கப் பத்துப் பேர், நாம் 1-0 தோற்றோம். எதிரில் ஒரே ஒரு ஸ்ட்ரைக்கர், அவனைப் பார்த்துக்கொள்ள நம் பக்கம் மூன்று சென்டர் பேக்குகள் வெகுநேரம் அப்படியே நின்றார்கள். இதற்கு என்ன நட்சத்திரம் போடுவது.

கடைசிப் பத்து நாள்தான் எனக்கு முழுசாகப் பொறுமை போனது. டிசம்பர் 26, நியூகாசிலுக்கு எதிராக நான்கு டிஃபென்டர்களோடு இறக்கினார். டோர்கு ஒரு அருமையான வாலி (பந்து தரையைத் தொடுமுன் உதைப்பது), 1-0, இரண்டாம் பாதியில் கஷ்டப்பட்டாலும் அணி ஒரு அணி மாதிரி நின்றது. அப்பாடா, மனிதர் இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தோம். நான்கு நாள் கழித்து ஓல்ட் டிராஃபோர்டில் வுல்வ்ஸ், அட்டவணையில் கடைசி, சீசன் பாதி முடிகிற நேரத்தில் கையில் இரண்டே இரண்டு புள்ளி, தொடர்ந்து பதினொரு லீக் தோல்வி. அவர்களுக்கு எதிராக மறுபடி மூன்று டிஃபென்டர்! 1-1. போப்பாண்டவரும் இல்லை, தேவையும் இல்லை, பின்னே எதற்கு? ஜனவரி 4 லீட்ஸில் இன்னொரு 1-1, முடிந்ததும் தான் இங்கே வெறும் கோச்சாக வரவில்லை, மேனேஜராக வந்தேன் என்று மேலிடத்தைப் பார்த்து ஒரு பேச்சு, மறுநாள் வேலை போனது.

பன்னிரண்டு நாள் கழித்து இடைக்காலப் பொறுப்பில் முன்னாள் யுனைடெட் வீரர் மைக்கேல் காரிக். நான்கு டிஃபென்டர், நடுவில் காஸெமிரோவுக்குப் பக்கத்தில் மைனூ, புரூனோ அவருடைய பழைய இடத்தில். சிட்டியை 2-0. புது ஆள் ஒருவரும் வரவில்லை. கொண்டாடினேன், அதே நேரம் எரிச்சலாகவும் வந்தது. இதற்கு மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை, அவரவரை அவரவர் இடத்தில் நிறுத்தினால் போதுமாக இருந்தது, பதினான்கு மாதமாக ரசிகன் ஒவ்வொருவனும் கத்திக்கொண்டிருந்தது இதைத்தானே.

ஃபெர்குசன் 2013-இல் போன பிறகு மோயஸ், வான் கால், மொரீனியோ, சோல்ஷேர், ராங்னிக், டென் ஹாக், அமோரிம் என்று வரிசை நீள்கிறது. ஒவ்வொருவரும் வேறு வேறு ஆட்டம், ஒவ்வொருவரும் போகும்போது நான்கைந்து ஆட்களை விட்டுவிட்டுப் போனார்கள், அடுத்தவர் வந்து இவர்களை வைத்து என்ன செய்வது என்று விழித்தார். உகார்த்தே, ஜிர்க்சி, டோர்கு, இவர்களை நான்கு டிஃபென்டர் அமைப்பில் எங்கே நிறுத்துவது என்று அடுத்த மேனேஜரும் விழிக்கத்தான் போகிறார்.

நிரந்தர மேனேஜராக யாரை வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள், எனக்குப் பெயரில் அக்கறை இல்லை. தலைமை நிர்வாகி ஒமர் பெராடாவும் கால்பந்து இயக்குநர் ஜேசன் வில்காக்ஸும் பேட்டியில் உட்காரும்போது கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: கிளப் ஆடப்போகும் முறை இது, எங்களிடம் இருக்கும் ஆட்கள் இவர்கள், இவர்களை வைத்து உங்களால் முடியுமா? அதைக் கேட்பதற்கு முன்னால் அந்த முறை என்ன என்பதை அவர்கள் இருவரும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் நல்லது. கூடவே இரண்டு மிட்ஃபீல்டர்களின் பெயரையும்.